செங்கல்தூள் தேய்த்த கண்ணாடி

எனக்கு எழுபத்தி நாலு வயசு. பெத்தது மூணு, வளத்தது அஞ்சு. மிச்சம் ரெண்டும் என் வீட்டுக்காரரோட அண்ணன் பசங்க. அவங்க அம்மா காமாலையில போய்ச் சேர்ந்தப்போ பெரியவன் நடக்கறான், சின்னவன் தவழறான். தூக்கி என் இடுப்புல வச்சாங்க. நான் இறக்கி வைக்கல. இதை முதல்லயே எழுதிடறேன், பின்னால எழுதப்போறதுக்கு இது வேணும்.

நான் படிச்சது மூணாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் எழுதறேன். ஒரு பக்கம் முடிக்கறதுக்குள்ள ஒரு உலை சோறு வெந்துடும். அவசரம் ஒண்ணும் இல்லை. என் சோட்டுப் பொம்பளைங்களுக்குத்தான் இது. வயசுப் பொண்ணுங்க படிச்சா, நீங்க ஏன் அப்போ வாயத் தொறக்கலன்னு கேப்பாங்க. நீங்க கேக்க மாட்டீங்க. தொறந்தா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்.

என் சின்ன வயசைப் பத்தி எழுத ஒண்ணும் இல்லை. ஆடு மேய்ச்சேன், சமைஞ்சேன், கட்டிக் கொடுத்தாங்க. நான் சொல்ல வந்தது என் சின்னப் பொண்ணோட சின்ன வயசு. அதுலயும் ஒரு மழைக்காலம். ஆடியில ஆரம்பிச்சது. ஐப்பசி முடியறதுக்குள்ள அவ சின்ன வயசே முடிஞ்சு போச்சு. நம்ம ஊர் வேலூர்ல இருந்து பிரிஞ்சு தனி ஜில்லா ஆச்சே, அதுக்கு அடுத்த வருசம்.

நாங்க அடி அண்ணாமலையில கூட்டுக் குடும்பம். வீட்டுக்குப் பெரியவர் என் வீட்டுக்காரரோட அண்ணன்தான். மூத்தார்னு சொல்லுவோம். பம்பு செட்டு மோட்டாருக்குக் காயில் கட்டறவர். சுத்துப்பட்டுல எந்தக் கெணத்துல மோட்டார் நின்னாலும் அவரைத்தான் கூப்பிடுவாங்க. நல்ல கைவேலைக்காரர். கெட்டவர்னு நான் எழுத மாட்டேன். கெட்டவரா இருந்திருந்தா இத்தனை வருசம் இதை மனசுல வச்சிருக்க மாட்டேன்.

எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியும். தம்பி பொண்டாட்டி மூத்தார் எதிர்ல நிக்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தா நான் கதவுக்குப் பின்னால போயிடுவேன். சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லணும்னா பசங்களைக் கூப்பிட்டு, பெரியப்பாகிட்ட சொல்லு இலை போட்டாச்சுன்னு, அப்படித்தான். அவரும் என்கிட்ட சொல்ல வேண்டியதைச் செவுத்தைப் பார்த்துத்தான் சொல்லுவார். உப்பு கம்மின்னு செவுத்துக்குச் சொல்லுவார். அவர் பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் பீ மூத்திரம் அள்ளினவ நான். அவர் குரல் எனக்கு இருட்டுல கேட்டாலும் தெரியும். என் குரல் அவருக்குத் தெரியுமான்னு தெரியாது.

பெரிய பொண்ணை எட்டாவதோட நிறுத்திட்டாங்க. சின்னவளையும் நிறுத்தியிருக்கணும். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கே வந்து, இவளை மட்டும் விடாதீங்க, டவுனுக்கு அனுப்புங்கன்னு என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டார். என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செவுத்தைப் பார்த்தார். "ஒரு வருசம் பாக்கலாம்"னார். ஒன்பதாவது சேர்த்தோம். அந்த ஒரு வருசம்தான் இது.

அவளுக்குத் தண்ணிப் பூச்சின்னா உசுரு. நான் குளத்துல துணி அடிச்சா அவ கீழ்ப்படியில குப்புறப் படுத்துத் தண்ணிக்குள்ள பார்த்துக்கிட்டு இருப்பா. பாவாடை பூரா பாசி. தண்ணி மேல நடக்கற பூச்சி, மல்லாந்து நீந்தற பூச்சி, சருகைச் சுருட்டி வீடு கட்டிக்கிட்டு அதை இழுத்துக்கிட்டே போற புழு, எல்லாம் எனக்கு அவதான் காட்டினா. தட்டாம்பூச்சி குஞ்சு தண்ணிக்குள்ளதான் வளரும்னு ஒருநாள் சொன்னா. போடி, பறக்கறது எப்படித் தண்ணிக்குள்ள வளரும்னேன். ஊறுகாய் பாட்டில்ல ஒண்ணைப் பிடிச்சு வந்து ஒரு குச்சியை நட்டு வச்சா. விடிகாலையில அது குச்சியில ஏறி, முதுகு வெடிச்சு, ஈரத்துணி மாதிரி ஒரு தட்டான் வெளிய வந்துச்சு. நான் அடுப்பு பத்த வைக்க மறந்து நின்னேன். காபி லேட்டுன்னு செவுத்துக்குச் சேதி போச்சு.

அதுக்கப்புறம் அவளுக்கு வெறுங்கண்ணு போதல. டவுன் ஸ்கூல்ல பீரோவுக்குள்ள ஒரு நுண்ணோக்கி இருந்துச்சாம். வருசத்துக்கு ஒரு தடவை வெளிய எடுப்பாங்களாம். வரிசையில நின்னு பார்த்துட்டு வந்தா. மூஞ்சி தொங்கிப் போச்சு. ஏண்டி, பெருசாத் தெரியலையான்னேன். ஜாஸ்தி பெருசாத் தெரியுதும்மா, அதான் கஷ்டம்னா. அதுல வெளிச்சம் அடியில இருந்து வருதாம். வெங்காயத் தோலு மாதிரி மெலிசா இருக்கறதுக்குத்தான் அது லாயக்கு. பூச்சியை வச்சா காலு நுனி மட்டும் கறுப்பாத் தெரியும். உடம்பைப் பார்க்கணும்னா பூச்சியைக் கொன்னு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வச்சு நசுக்கணுமாம்.

"எனக்கு உசுரோட பாக்கணும்மா. தண்ணியில நீந்தும்போதே பாக்கணும். கம்மியாப் பெருசாக்கினா போதும், வெளிச்சம் மேல இருந்து வரணும்."

கம்மியாப் பெருசாக்கறதுன்னா என்னன்னு எனக்குப் புரியல. ஆனா என்ன வேணும்னு தெரிஞ்சு கேக்கற பொண்ணு அவதான் எங்க வீட்டுல. நாங்கெல்லாம் கொடுத்ததை வாங்கிக்கிட்டவங்க.

நான் அப்போ செங்கம் ரோட்டுல, ஆசிரமத்துப் பக்கம், வெளிநாட்டுக்காரங்க வாடகைக்கு இருக்கற வீடுகளைப் பெருக்கித் துடைக்கப் போவேன். ஒரு வெள்ளைக்காரம்மா மாடி ரூம்ல இருந்தா. காலையில தூரக்கண்ணாடி வச்சுக்கிட்டு மலையில குருவி பார்ப்பா. ஒருநாள் குளிக்கப் போகும்போது அதைக் கைப்பிடிச் சுவர் மேல வச்சுட்டுப் போயிட்டா. குரங்கு தூக்கிடுச்சு. திங்கறதுன்னு நெனச்சுக் கடிச்சுப் பார்த்துட்டு, எதிர்வீட்டு மொட்டைமாடியில இருந்து ரோட்டுல போட்டுடுச்சு. முன்பக்கத்துப் பெரிய கண்ணாடி ரெண்டும் சுக்கல். நடுவுல பிளந்து போச்சு. கண்ணு வச்சுப் பார்க்கற பக்கத்துக் கண்ணாடி ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகல. அவ அதைக் குப்பைக் கூடையில போட்டா. நான் கூடையைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டிக் கேட்டேன். எடுத்துக்கோன்னு தலையாட்டினா. சும்மா வாங்கற பழக்கம் எனக்கு இல்லை. மறுநாள் அவிச்ச வேர்க்கடலை ஒரு தூக்கு நிறையக் கொண்டுபோய் வச்சேன். தோலோட தின்னா. உரிச்சுக் காட்டினேன்.

அதைப் பார்த்ததும் என் பொண்ணு ராஜா மாதிரி சம்மணம் போட்டு உக்காந்து, பெரியப்பாவோட திருப்புளியால ரெண்டு கண்ணாடியையும் கழட்டினா. கறுப்பு வளையத்துக்குள்ள பதிஞ்ச குட்டிக் கண்ணாடி ரெண்டு. ஒண்ணைக் கையில வச்சு எறும்பைப் பார்த்தா. அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு பிடிச்சு, தூரத்தைக் கூட்டிக் குறைச்சுப் பார்த்தா. ஒரு ஜாண் தூரத்துல நிறுத்தினா. அந்தத் தூரத்துக்கு ஒரு குழாய் வேணும்னா. வீட்டுல துருப்பிடிச்ச, மூணு பேட்டரிக் கட்டை போடற டார்ச் லைட் ஒண்ணு கிடந்தது. அதோட குழாய்க்கு மேல ஒரு கண்ணாடி, கீழ ஒரு கண்ணாடி. ஆடாம இருக்க சைக்கிள் டியூப் ரப்பரைச் சுத்தி இறுக்கினா. டார்ச்சோட சுவிட்ச் அப்படியே இருந்துச்சு. அதைத் தள்ளினா டக்குன்னு சத்தம் வரும், ஒண்ணும் நடக்காது. தள்ளித் தள்ளிப் பார்ப்பா.

கையில பிடிச்சா நடுங்குது, நிக்க வைக்க ஏதாவது வேணும், கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி இறக்கணும்னு வீடு பூரா சுத்தினா. கடைசியா அடுப்பங்கரைக்கு வந்து என் இடியாப்ப அச்சைப் பார்த்துக்கிட்டு நின்னா. உங்க வீட்டுலயும் இருந்திருக்கும், மூணு கால் வச்ச இரும்பு அச்சு. மேல கைப்பிடியைத் திருகினா, அடியில இருக்கற தட்டு மட்டும் சுத்தாம மெல்ல இறங்கும். மாவு போடற கிண்ணத்தைக் கழட்டி வச்சுட்டு, அந்தத் தட்டோட சேர்த்துக் குழாயைக் கட்டினா. ஒரு சுத்து சுத்தினா நெல்லு மணி அளவு இறங்குது. கீழ வெள்ளைச் சாசர்ல தண்ணி. பக்கத்துல உடைஞ்ச முகக்கண்ணாடித் துண்டு, வெயிலைப் பிடிச்சுச் சாசருக்குள்ள திருப்ப. அவ்வளவுதான். மூத்தாருக்கு இடியாப்பம்னா இஷ்டம். அச்சு இல்லாம அந்த ரெண்டு மாசம் தோசையா ஊத்திப் போட்டேன். ஏன் இடியாப்பம் இல்லைன்னு செவுரு கேட்டுச்சு. அச்சு ரிப்பேர்னு பையன்கிட்டச் சொல்லி அனுப்பினேன்.

முதல்ல என்னைத்தான் பார்க்கச் சொன்னா. புளியங்கொட்டை அளவுல தட்டையா ஒரு பூச்சி, முதுகு பூரா வரிசையா முட்டை ஒட்டியிருக்கும், குளத்துல பார்த்திருப்பீங்க. அதைச் சாசர்ல விட்டிருந்தா. குனிஞ்சேன். முதல்ல என் கண்ணு மசிருதான் தெரிஞ்சது. அவ அச்சைத் திருகினா. பனி விலகற மாதிரி விலகி, முட்டை தெரிஞ்சது. தேங்காய் அடுக்கின மாதிரி. ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ரெண்டு புள்ளி. சாசரை நான் இந்தப் பக்கம் தள்ளினா பூச்சி அந்தப் பக்கம் ஓடுது. எல்லாம் தலைகீழ்.

"அந்தப் புள்ளி என்னாடி?"

"கண்ணும்மா. உள்ள இருக்கற குஞ்சோட கண்ணு. நம்மளைப் பாக்குது."

எனக்கு எழுத்துதான் சரியாத் தெரியாது, கண்ணு நல்லாத் தெரியும். நான் பார்த்தேன். இதை மறுபடியும் எழுதறேன், நான் பார்த்தேன்.

இன்னொண்ணும் சொன்னா. முட்டையை முதுகுல சுமக்கறது ஆம்பளைப் பூச்சியாம். பொம்பளைப் பூச்சி முட்டையை ஒட்டிட்டுப் போயிடுமாம். பொரியற வரைக்கும் அவன்தான் சுமந்துக்கிட்டுத் திரியணுமாம். சயின்ஸ் டீச்சர் சொன்னாங்களாம். நான் கூடத்துப் பக்கம் பார்த்தேன். சிரிப்பு வந்துச்சு. அவளும் சிரிச்சா. அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சத்தமாச் சிரிச்சது அன்னிக்குத்தான்னு நெனைக்கறேன்.

நான் வளத்த பெரியவன் அவளைப் பூச்சி டாக்டர்னு கூப்பிடுவான். பூச்சி டாக்டரே, என் தலையில பேன் இருக்குது, ஆபரேசன் பண்ணுன்னு வந்து குனிவான். அவளும் விட மாட்டா, பேனு பொழைச்சுக்கும், தலைதான் தேறாதுன்னுவா. மூத்தார் முதல்ல கண்டுக்கல. ஒருநாள் வேலை முடிஞ்சு வந்தவர் அச்சுப் பக்கத்துல உக்காந்து, திருகைத் திருகி, ரப்பர் கட்டைத் தட்டிப் பார்த்தார். பூச்சியைப் பார்க்கல, மிஷினைத்தான் பார்த்தார். "யார் கட்டினது இது"ன்னு கேட்டார். அவதான்னு தெரிஞ்சதும், "நம்ம வம்சத்துக் கைடா"ன்னார். மறுநாளே டீக்கடையில, எங்க வீட்டுப் பொண்ணு மிஷின் பண்ணியிருக்குதுன்னு சொல்லியிருக்கார். என் பொண்ணு தரையில நடக்கல அன்னிக்கு.

சயின்ஸ் டீச்சர் வீட்டுக்கு வந்தது அப்போதான். காலாண்டு லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கற அன்னிக்குக் கண்காட்சி. உங்க பொண்ணோட நுண்ணோக்கியை வைக்கறோம், பன்னெண்டாவது வரைக்கும் இவளை சயின்ஸ் படிக்க விடுங்கன்னு கேட்டாங்க. என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் செவுத்தைப் பார்க்கல, நேரா டீச்சரைப் பார்த்தே சொன்னார்.

"நானே கண்காட்சிக்கு வரேன். அதுல என்ன தெரியுதுன்னு என் கண்ணால பாத்துட்டு முடிவு சொல்றேன்."

கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். எனக்குப் பயமே இல்லை. அதுல என்ன தெரியும்னு எனக்குத் தெரியுமே.

நடுவுல ஆயுத பூஜை வந்தது. எங்க வீட்டுல தீபாவளியை விடப் பெரிய விசேஷம் அது. மூத்தார் அன்னிக்குத் தன் சாமான் ஒவ்வொண்ணையும் தன் கையாலயே கழுவுவார். ஸ்பேனர், கொறடு, காயில் சுத்தற மெஷின், எல்லாம். யாரையும் தொட விட மாட்டார். கெணத்தடியில பலகை போட்டு உக்காந்து, இரும்புக்கு மண்ணெண்ணெய், பித்தளைக்குப் புளியும் செங்கல்தூளும். அந்த வருசம் நான் அடுப்பங்கரையில சுண்டல் வேலையா இருந்தேன், பொண்ணைப் பூ வாங்க டவுனுக்கு அனுப்பியிருந்தாங்க. சாயந்திரம் சாமி ரூமுக்குள்ள போனா, அவரோட சாமான் வரிசைக்கு நடு நாயகமா என் பொண்ணோட நுண்ணோக்கி. அவர் சாமான் பக்கத்துல அதுவரைக்கும் யார் சாமானும் வச்சதில்லை. என் வீட்டுக்காரரோட மண்வெட்டிகூட மூலையிலதான் நிக்கும்.

கறுப்பா இருந்த வளையம் ரெண்டும் தங்கம் மாதிரி மின்னுச்சு. கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில பித்தளை இருந்திருக்குது. மோட்டார் பார்த்த கையாச்சே, கண்டுபிடிச்சிருக்கார். பெயின்ட் போற வரைக்கும் தேச்சிருக்கார். கற்பூரம் காட்டிட்டு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னார்.

"உள்ள பித்தளைடா இது. ஒண்ணொண்ணா கழட்டி நானே தேச்சேன். எப்படிப் பளபளக்குது பாரு."

எல்லாச் சாமானுக்கும் வைக்கற மாதிரி அதுக்கும் சந்தனம், குங்குமம். மேல கண்ணாடிக்கு நட்ட நடுவுல வட்டமா ஒரு பொட்டு. கீழக் கண்ணாடிக்கும் ஒண்ணு. என் பொண்ணு அந்தப் பொட்டையே பார்த்தா. நான் அவ மூஞ்சியைப் பார்த்தேன். என் காதுல வந்து சொன்னா, "தொடைச்சா போயிடும்மா." சொல்லும்போது கண்ணு பூரா சந்தோசம். பெரியப்பா தன் சாமானோட வச்சிருக்காரே.

பூஜையில வச்சதை மறுபூஜை முடியாம எடுக்கக் கூடாது. மறுநாளும் எடுக்கல. அதுக்கடுத்த நாள் காலையில மூத்தாரே கற்பூரம் காட்டி, பொட்டோட எடுத்து, தன் துண்டைப் போத்தி, தன் சைக்கிள் பின்னால வச்சுக் கட்டினார். பொண்ணு பஸ்ல போனா. டீக்கடைச் சிநேகிதக்காரங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போனார். நான் குளத்துக்குப் போய் முட்டை சுமக்கற பூச்சி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, தூக்குல போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

அங்க நடந்ததை நான் பார்க்கல. அவ சொல்லித்தான் தெரியும், அதுவும் அரைகுறையா. சந்தனத்தைத் தொடைச்சிருக்கா. தொடைச்சுட்டுக் குனிஞ்சு பார்த்தா, வெள்ளை. பொட்டு இருந்த இடத்துல மட்டும் இல்லை, கண்ணாடி பூராவும். திருகியிருக்கா, ஏத்தியிருக்கா, இறக்கியிருக்கா, முந்தானையில தொடைச்சிருக்கா. வெள்ளைதான். செங்கல்தூள் போட்டு அழுத்தித் தேச்ச கண்ணாடி ஆத்துல உருண்ட பாட்டில் துண்டு மாதிரி ஆகியிருந்துச்சு. வளையத்தோட பள்ளத்துல இன்னும் புளி நாரு ஒட்டியிருந்துச்சு, அதை நானே பின்னால நகத்தால எடுத்தேன். பார்க்க வந்த பெரிய வாத்தியார் குனிஞ்சார், ஒண்ணும் தெரியலையேம்மான்னார். டீச்சர் குனிஞ்சாங்க, அடுத்த மேஜைக்கு நகர்ந்துட்டாங்க. மூத்தார் தன் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டுக் குனிஞ்சார். அப்புறம் மாட்டிக்கிட்டுக் குனிஞ்சார். சிநேகிதக்காரங்க பின்னால நின்னு, என்னப்பா தெரியுதுன்னு கேட்டிருக்காங்க. சாசருக்குள்ள அந்தப் பூச்சி பாட்டுக்கு முட்டையைச் சுமந்துக்கிட்டு நீந்திக்கிட்டு இருந்திருக்குது.

சாயந்திரம் கூடத்துல நாற்காலி போட்டு உக்காந்தார். சிநேகிதக்காரங்களும் வந்திருந்தாங்க. என் வீட்டுக்காரர் தூண்ல சாஞ்சு நின்னார். பொண்ணு நுண்ணோக்கியை மடியில வச்சுக்கிட்டுக் கீழ உக்காந்திருந்தா. மூத்தார் செவுத்தைப் பார்த்தார்.

"புகைதான் தெரியுது அதுல. புகையப் பாக்க டவுனுக்கு எதுக்குப் போகணும், வீட்டுலயே அடுப்பு இருக்குது. நாளையில இருந்து அதையே பாக்கட்டும்."

எல்லாரும் சிரிச்சாங்க. முதல்ல சிரிச்சது பெரியவன். நான் பிசைஞ்சு ஊட்டின வாயி.

நான் கதவைத் தாண்டி வெளிய வந்தேன். முக்காடு இழுத்துக்கல. அவர் எதிர்ல நின்னேன். கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அவர் மூஞ்சியை அவ்வளவு கிட்டக்கப் பார்த்ததில்லை. வலது புருவத்துல ஒரு தழும்பு இருந்துச்சு, அன்னிக்குத்தான் தெரியும்.

"அது புகை இல்லைங்க. நீங்க தேச்ச தேய்ப்பு. உங்க மூக்குக் கண்ணாடியக் கொடுங்க, அதே செங்கல்தூளைப் போட்டுத் தேச்சுத் தரேன். மாட்டிக்கிட்டு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

 அவர் எழுந்தார், துண்டைத் தோள்ல போட்டார், போயிட்டார். பொண்ணு மடியில இருந்த கண்ணாடியை ஒரு தரம் கையில வாங்கிப் பார்த்திருக்கலாம். கைவேலை தெரிஞ்சவர், விரலால தடவினாலே புரிஞ்சிருக்கும். பார்க்கல. வேற யாரும்கூடப் பார்க்கல.

அன்னிக்கு ஊர் பூரா பேச்சு. எதைப் பத்தின்னு நெனைக்கறீங்க? கண்ணாடியைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. தம்பி பொண்டாட்டி மூத்தார் எதிர்ல வந்து நின்னு பேசிட்டா, அதுதான். நான் பேசினதைப் பேசினாங்க. நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கல. என் வீட்டுக்காரர் என்கிட்டக் கேட்டதும் அதுதான், நீ எப்படி வெளிய வந்தேன்னு.

மூத்தார் வீட்டுல சாப்பிடறதை நிறுத்திட்டார். ஹோட்டல்ல தின்னார். எங்க வீட்டுக்கு அதை விட அவமானம் இல்லை. சொந்தக்காரங்க வந்தாங்க, போனாங்க. கடைசியில என் வீட்டுக்காரர் கெணத்தடியில என்னைத் தனியா நிறுத்திச் சொன்னார், அண்ணன் கால்ல விழுந்துடு, எல்லாம் பழையபடி ஆயிடும்னு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போறதும் பழையபடியா?"

"எல்லாம்னா எல்லாம்தான்"னார்.

என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். நான் சாமி கும்பிடும்போதே தலையைக் கொஞ்சம் நிமித்தித்தான் கும்பிடுவேன். அந்த நான் கூடத்துல, அத்தனை பேர் எதிர்ல, நெத்தி தரையில படற மாதிரி விழுந்தேன். தரை ஜில்லுன்னு இருந்துச்சு. அடுப்பங்கரை வாசல்ல என் பொண்ணு நின்னு பார்த்துக்கிட்டு இருந்தா. அவ பாதம் மட்டும் எனக்குத் தெரிஞ்சது.

"எழுந்திருக்கச் சொல்லு"ன்னு செவுத்துக்குச் சொன்னார். அப்புறம், "பொண்ணு வீட்டுலயே இருக்கட்டும், வயசுக்கு வந்த பொண்ணு"ன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அன்னிக்கு ராத்திரி மூத்தார் வீட்டுல சாப்பிட்டார். எல்லாம் பழையபடி ஆயிடுச்சு.

மறுநாள் நான் வேலைக்குப் போயிட்டு வந்தப்போ இடியாப்ப அச்சு அடுப்பங்கரையில இருந்துச்சு. கழுவி, கிண்ணம் மாட்டி, எண்ணெய் தடவி வச்சிருந்தா. "இடியாப்பத்துக்கு வேணும்லம்மா"ன்னா. அழல. டார்ச் குழாயைப் பசங்க எடுத்து விளையாடித் தொலைச்சாங்க. கண்ணாடி ரெண்டும் எங்க போச்சுன்னு தெரியாது. குளத்துப் பக்கம் அதுக்கப்புறம் அவ வரல. துணியை வீட்டுலயே தொவைச்சுக்கறேன்னுட்டா.

கீழ்பென்னாத்தூர்ல கட்டிக் கொடுத்தோம். கல்யாணத்துக்கு முந்தின மாசம், எனக்கு வேண்டாம்னா. உனக்காக நான் பேசிப் பாக்கறேன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னா.

"நீ பேசுவே. அப்புறம் கால்ல விழுந்துடுவே."

அதோட ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசினதில்லை. எதுக்கு விழுந்தேன்னு நான் சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் விழுந்தேன்னு சொல்றது, பெத்த பொண்ணு தலையில கல்லைத் தூக்கி வைக்கற மாதிரி. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். அவ கேக்கல. நான் பெத்த பொண்ணாச்சே, என்னை மாதிரி அவளுக்கும் அழுத்தம்.

கட்டினவன் ஒரு பொண்ணைக் கொடுத்துட்டு பெங்களூர் போறேன்னு போனவன்தான். குழந்தையைத் தூக்கிக்கிட்டு என்கிட்ட வந்துட்டா. அண்ணனும் தம்பியும் உசுரோட இருந்த வரைக்கும் கூட்டு வீட்டுலதான் இருந்தோம். இப்போ டவுன்ல வாடகை வீட்டுல மூணு பேர் இருக்கோம். முனிசிபாலிட்டியில தினக்கூலிக்குப் போறா. வீடு வீடாப் போய், தொட்டி, டிரம், பூந்தொட்டி எல்லாத்துலயும் டார்ச் அடிச்சுக் கொசுப்புழு இருக்கான்னு பார்த்து, இருந்தா மருந்து ஊத்திக் கொல்லணும். சாயந்திரம் வந்தா கை பூரா மருந்து நாத்தம். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் சோத்துல கை வைப்பா. தண்ணிக்குள்ள இன்னிக்கு என்னடி பார்த்தேன்னு நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மூத்தார் போய்ச் சேர்ந்து வருசம் ஆச்சு. கடைசிவரைக்கும் என் கையால இடியாப்பம் தின்னார், கடைசிவரைக்கும் செவுத்தோடதான் பேசினார். அவர் பெரிய பையன் மெட்ராஸ்ல இன்ஜினியர். போன பொங்கலுக்கு வந்திருந்தான். தன் பொண்ணுக்கு ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்திருக்கானாம், பெட்டியோட கொண்டுவந்து காட்டினான். காட்டிட்டுச் சிரிச்சுக்கிட்டே கேட்டான்.

"நம்ம வீட்டுலகூட ஒண்ணு இருந்துச்சுல்ல சித்தி, இடியாப்ப அச்சுல கட்டினது? பாவம், ஒண்ணுமே தெரியாது அதுல."

என் பொண்ணு அவனுக்குக் காபி கொண்டுவந்து நின்னா. ஆமாண்ணா, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டு டம்ளரை வச்சுட்டுப் போயிட்டா.

அன்னிக்குத்தான் இதை எழுதறதுன்னு உக்காந்தேன். தெரிஞ்சது. முட்டைக்குள்ள கண்ணு தெரிஞ்சது. நான் பார்த்தேன், எனக்கு அடுத்து அதைச் சொல்ல ஆள் இல்லை.

பேத்தி பக்கத்துல உக்காந்து பாடம் எழுதிக்கிட்டு இருக்கா. அவ அம்மாவுக்கு அப்போ இருந்த வயசுதான் இவளுக்கு இப்போ. இந்தாடி, உன் பாடத்தை மூடி வச்சுட்டு இதை எடு. என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், கூட்டிப் படிச்சா வரும். மொத எழுத்துல இருந்து சத்தமாப் படி, நான் எழுதினது சரியா வந்திருக்கான்னு கேக்கறேன். வாசக் கதவு சத்தம் கேட்டா உங்க அம்மா வந்துட்டான்னு அர்த்தம். நிறுத்தாத. அவ கொல்லையில கை கழுவிக்கிட்டு இருப்பா, அங்க வரைக்கும் கேக்கணும். கெணத்தடியில உன் தாத்தாகிட்ட நான் ஒண்ணு கேட்டேன்னு எழுதியிருக்கேன் பாரு, அந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படி.